குதிரை வீட்டில் ஏறிய சிப்பாய்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் பேப்பரில் வரும் சதுரங்க ஆட்டங்களைப் படிப்பேன். சொன்னால் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் காலத்தில் ஓர் ஆட்டத்தை முழுசாக எழுத ஆறு எழுத்தும் எட்டு எண்ணும் போதும். கே என்றால் ராஜா, க்யூ என்றால் ராணி, ஆர் என்றால் யானை. கே-க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டி ஒட்டிக்கொண்டிருந்தால் அது குதிரை. மிச்சம் இரண்டு பி. நம் வாய்க்கு இரண்டும் ஒரே சத்தம்தான். ஒரு வயிறு உள்ள பி சிப்பாய், இரண்டு வயிறு உள்ள பி மந்திரி என்று நானே ஓர் அடையாளம் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

அவர் என் அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு அவர் பாவாதான். இரண்டு குடும்பமும் பள்ளிப்பட்டுப் பக்கம். வீட்டுக்குள் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவருக்குத் திருத்தணி ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கிருத்திகை நாட்களில் காவடிக் கூட்டத்துக்கு டிக்கெட்டில் தேதி குத்திக் குத்தி மணிக்கட்டு வீங்கிப்போய் வருவார். மற்ற நாட்களில் பொழுது சாய்ந்ததும் வீடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் எதைத்தான் பேசிக்கொண்டிருப்பது? பல வீடுகளில் அந்த இடத்தைச் சண்டை நிரப்பியது. எங்கள் வீட்டில் சதுரங்கம் நிரப்பியது, கூடவே கொஞ்சம் சண்டையும்.

நாங்கள் ஆடியது நாட்டு ஆட்டம். சின்ன வயதில் இரண்டு வீட்டிலும் எல்லாரும் ஆடியது அதுதான். காய்களின் பெயர்கள்கூட அப்போது வேறு. குழப்பம் வேண்டாம் என்று இன்றைய பெயர்களிலேயே எழுதுகிறேன். அதில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். ஆட்டம் தொடங்கும்போது ஒரு காய் நிற்கிற கட்டம்தான் அதன் வீடு. சிப்பாய் எதிராளியின் கடைசி வரிசையில் போய் ஏறினால், எந்த வீட்டில் ஏறுகிறதோ அந்த வீட்டுக் காயாக மாறும். யானை வீட்டில் ஏறினால் யானை, குதிரை வீட்டில் ஏறினால் குதிரை. ராணி வேண்டுமென்றால் ராணி வீட்டுக்கே போய்ச் சேர வேண்டும். ஆகவே எந்தச் சிப்பாயை எந்த வரிசையில் ஓட்டுவது என்பதே எங்களுக்குப் பாதி ஆட்டம்.

இங்கிலீஷ் ஆட்டத்துக்குச் சட்டம் வேறு. அரக்கோணத்தில் ரயில்காரர்கள் கூடுகிற இடத்தில் அவர் அதைக் கற்றுக்கொண்டு வந்தார். நான் பேப்பரைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் பாய்வதும், ராஜா யானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வதும் எந்த ஆட்டத்திலும் முதல் சில வரிகளிலேயே வந்துவிடும். யாரும் சொல்லித் தராமலே புரிந்தது. ஆனால் பேப்பரில் வருகிற பெரிய ஆட்டக்காரர்கள் சிப்பாய் ஏறும்வரை உட்கார்ந்திருப்பதில்லை. ஏறப்போகிறது என்று தெரிந்ததுமே தோற்கிறவர் கையைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார். அதனால் ஏறிய சிப்பாய் இங்கிலீஷ் சட்டத்தில் என்ன ஆகும் என்பது என் கண்ணில் படவே இல்லை. சதுரங்கம் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே தலையில் கை வைத்துக்கொள்வீர்கள். எனக்கு அப்போது அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

தேசப் போட்டி நடக்கிற நாட்கள் எங்களுக்குத் திருவிழா. ஸ்டேஷன் மாஸ்டர் படித்து முடித்த பேப்பரை இவர் மடித்து எடுத்து வருவார். விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு அந்தச் சுற்றின் ஆட்டங்களை ஒன்று ஒன்றாகப் பலகையில் ஆடிப் பார்ப்போம். நான் எழுத்தைப் படித்துக் காயை நகர்த்துவேன். ஆட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருக்கிற விளக்கத்தை அவர் எனக்குத் தமிழில் சொல்வார். யார் எங்கே தவறினார் என்று கண்டுபிடிப்பதில் எனக்குக் கொள்ளை ஆசை. கண்டுபிடித்துவிட்டால் வாய் நிற்காது.

"இந்த ஆளுக்குக் கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? யானைய இப்டித் தெறந்து வுட்டுட்டுப் போறான்!"

"எழுதனவரும் அதத்தாம்மே சொல்றாரு. உன்ன மாதிரி வையாம சொல்றாரு."

உலகச் சண்டை முடிந்து, மண்ணெண்ணெயும் துணியும் இன்னும் ரேஷனில் இருந்த சமயம். சென்னையில் நடந்த மாகாணப் போட்டியில் அவர் நன்றாக ஆடினார். தேசப் போட்டிக்குப் போகிறவர்களில் அவரையும் சேர்த்தார்கள். வடக்கே தூரத்தில் ஓர் ஊர். ரயில்வே பாஸ் இருந்ததால் போய்வருவது பெரிய பாடாக இல்லை. லீவும் கிடைத்தது. எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாங்கள் இத்தனை வருஷம் வைது தீர்த்த ஆட்கள் இருக்கிற பேப்பரின் அதே மூலையில் இவர் பெயரும் வரப்போகிறது.

அவர் புறப்பட இன்னும் நாள் இருக்கும்போதே நான் கேட்டேன்.

"பாவா, போற வரிக்கும் வூட்லயும் இங்கிலீஷ் ஆட்டமே ஆடலாங்களா? நானும் கத்துக்கினா உங்களுக்குக் கை பழகும்."

"வேணாம்மே. அது அங்க. இங்க நம்ம ஆட்டந்தான். வூட்டுக்கு வந்தும் என்னப் பரீட்சை எழுதச் சொல்றியா?"

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியில் எத்தனை பெரிய ஆட்டம் ஆடினாலும் என்னோடு ஆடுகிற ஆட்டத்தை மாற்ற மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தோஷம் வராது? புறப்படுகிற அன்று சாயங்காலம்கூட நாட்டு ஆட்டம்தான் ஆடினோம். அவருடைய சிப்பாய் குதிரை வீட்டில் ஏறியது. நான் ஒரு குதிரையை எடுத்துக் கொடுத்தேன், அவர் வாங்கி வைத்தார்.

அவர் போன பிறகு ஸ்டேஷன் போர்ட்டர் பேப்பரைக் கொண்டுவந்து கொடுப்பார். முதல் ஆட்டம் சரிக்குச் சரி. இரண்டாவதை ஜெயித்தார். அடுத்தடுத்த சுற்றுகளில் தோல்வியும் ஜெயமுமாக வந்தாலும் பெயர் மேலே ஏறிக்கொண்டே போனது. பெயர்களை எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் இவர் பெயரின் வடிவம் தெரியும். பட்டியலில் அது எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று தேடுவேன். கடைசிக்கு முந்திய சுற்றில் மேலிருந்து ஐந்தாவது வரி. இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் முதல் நாலு பேரில் ஒருவர். முதல் நாலு பேரை மறு வருஷமும் கூப்பிடுவார்கள் என்று போகும்போதே சொல்லியிருந்தார். கடைசி ஆட்டத்தில் எதிரே உட்காருபவர் பழைய சாம்பியன் என்று போர்ட்டர் ஸ்டேஷனில் யாரையோ கேட்டு வந்து சொன்னார்.

அந்த ஆட்டம் வந்த பேப்பரை நான் மத்தியானம்வரை பிரிக்கவில்லை. குளித்துவிட்டு, மலைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பலகையை எடுத்தேன். வெள்ளைக் காய் இவருக்கு. முதலிலிருந்தே நன்றாக ஆடியிருந்தார். என் புருஷன் என்பதால் சொல்லவில்லை, அன்றைக்கு ஆடியதைப் போல அவர் ஆடி நான் பார்த்ததில்லை. ராணிகள் வெட்டுப்பட்டன, யானைகள் வெட்டுப்பட்டன. கடைசியில் இவருக்கு ஒரு மந்திரி, குதிரை வரிசையில் ஓடுகிற ஒரு சிப்பாய், அதற்குக் காவலாக ராஜா. எதிராளிக்கு ராணி வரிசையில் ஓடுகிற ஒரு சிப்பாய். இரண்டில் எது முதலில் ஏறும் என்று பார்த்தேன். நாற்பத்து நாலாவது நகர்வில் இவருடையதுதான் முதலில் ஏறியது. பக்கத்தில் அடைப்புக்குள் கே-யும் டி-யும் போட்டிருந்தது. குதிரை. நானும் ஒரு குதிரையை எடுத்து அங்கே வைத்தேன்.

அடுத்த நகர்வில் கறுப்புச் சிப்பாய் ராணி வீட்டில் ஏறியது. அடைப்புக்குள் க்யூ. ராணி வீட்டில் ஏறியது ராணியாகத்தானே ஆகும்? எல்லாம் சரியாகவே இருந்தது. ராணிக்கு முன்னால் குதிரையும் மந்திரியும் என்ன செய்யும்? இன்னும் நாலைந்து நகர்வில் ஆட்டம் முடிந்துவிட்டது. பலகையை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பாவி மனுஷன், நல்ல வீட்டுல ஏறக் கூடாதா" என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு அழுதேன்.

அவர் திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். ஊரில் எல்லாரும் வந்து விசாரித்தார்கள். தேசப் போட்டிக்குப் போய்வந்தவர் என்று ஸ்டேஷனில் ஒரு மரியாதை. அவர் எல்லாருக்கும் பதில் சொன்னார், சிரிக்கவும் செய்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கம்போல நான் பலகையை விரித்தபோது மட்டும் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. அரக்கோணத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். காய்களை அடுக்கி வைக்கச் சொன்னால் அடுக்குவார், ஆட மாட்டார். வீடு ஊமையாகிவிட்டது. அவர் தோற்றதைவிட எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"எத்தினி நாளைக்கு இப்டியே இருப்பீங்க? தோக்காத ஆளு யாரு கீறாங்க?"

"தோத்ததுக்கு இல்லம்மே."

"பின்ன இன்னாத்துக்கு?"

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். அந்தப் பேப்பரை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டேன்.

"இதுல நீங்க எங்க தப்பு பண்ணீங்கன்னு நான் கண்டுபுடிக்கிறேன். கண்டுபுடிச்சுட்டா மறுபடி ஆடணும். சம்மதமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சிரிக்கிறாரா, வேறு ஏதாவதா என்று தெரியாத ஒரு பார்வை. பிறகு "சம்மதம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் ஆட வேண்டும் என்பதற்காக நான் தேட ஆரம்பித்தேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்தால் அந்த ஒரே ஆட்டம்தான். முதல் நகர்விலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். ஏதாவது ஒன்று தட்டுப்பட்டால் அவர் வந்ததும் பிடித்துக்கொள்வேன். மந்திரியை இங்கே வைத்திருக்கலாம், யானையை வெட்டக் கொடுத்திருக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்வேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பார். காயைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டி, "அப்டிப் போனா அவன் இங்க வருவான், அப்ப இன்னா பண்ணுவே?" என்பார். என் கோட்டை இடிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

ஆட்டத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தையும் படித்துச் சொல்லச் சொன்னேன். நாற்பத்து நாலாவது நகர்வுக்கு மட்டும் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தது.

"இதுல இன்னா போட்டுருக்கான்?"

அவர் பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெள்ளைக்கு நேரம் கொஞ்சமாத்தான் இருந்துச்சுன்னு போட்டுருக்கான்."

"இத்த எழுத ரெண்டு வரியா?"

"இங்கிலீஷ்ல அப்டித்தான் நீட்டுவாங்க."

நான் நம்பினேன். அவர் அதுவரைக்கும் என்னிடம் ஒரு பொய் சொன்னதாக எனக்குத் தெரியாது.

முப்பத்தாறாவது நகர்வைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடத்தில் இவருடைய குதிரை வரிசைச் சிப்பாய் பக்கத்திலிருந்த கறுப்புச் சிப்பாயை வெட்டி யானை வரிசைக்கு மாறியிருக்கலாம். மாறியிருந்தால் குதிரை வீட்டுக்குப் பதிலாக யானை வீட்டில் ஏறியிருக்கும். குதிரைக்குப் பதில் யானை கிடைத்திருக்கும். யானை கையில் இருந்தால் எதிராளியின் ராணியை ஒரு கை பார்க்கலாமே! நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். ஸ்டேஷனிலிருந்து வந்தவரைச் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் இழுத்து வந்து காட்டினேன்.

அவர் பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

"யானை வீட்டுக்குப் போனா யானை ஆகியிருக்கும்னு சொல்றியா?"

"ஆமா! குதிரை வீட்டுக்கு ஏன் போனீங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினார். "அவன் ராஜா இங்கியே நிக்கிறான் பாரு. யானை வரிசைல போனா ரெண்டு எட்டுல வந்து புடிச்சுடுவான். ஏறவே வுட மாட்டான்." மறுபடியும் அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வருஷம் திரும்பியது. மறுபடியும் தேசப் போட்டி வந்தது. அவரைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார். பேப்பரை மட்டும் எனக்காகக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். நான் மட்டும் ஆடிப் பார்ப்பேன். ஒரு சுற்றில் ஓர் ஆட்டம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள்போல, சிப்பாய் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. மந்திரி வீட்டில் ஏறியது அந்தச் சிப்பாய். பக்கத்தில் அடைப்புக்குள் க்யூ என்று போட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பாவா, இத்தப் பாருங்க. மந்திரி வூட்ல ஏறுன சிப்பாய ராணின்னு போட்டுருக்கான்!"

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"அச்சுப் பிழையா இருக்கும்," என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

அச்சுப் பிழை என்றால் நாமே திருத்திக்கொள்ள வேண்டியதுதான் என்று அந்த இடத்தில் ஒரு மந்திரியை வைத்தேன். அடுத்த வரியைப் படித்தேன். கறுப்பு ராஜா காரணம் இல்லாமல் ஒதுங்கியது. அதற்கடுத்த வரியில் க்யூ நேர்க்கோட்டில் நாலு கட்டம் தள்ளிப் போய் செக் கொடுத்தது. அந்த ஆட்டத்தில் இரண்டு பேருடைய ராணியும் எப்போதோ வெட்டுப்பட்டாகிவிட்டது. எந்த க்யூ போகும்? மந்திரி குறுக்கேதான் போகும், நேர்க்கோட்டில் போகாது. மறுபடி மறுபடி ஆடிப் பார்த்தேன். மந்திரியை எடுத்துவிட்டு ராணியை வைத்தேன். எல்லா வரியும் ஒழுங்காக ஓடியது. ராஜா ஒதுங்கியதும் அப்போதுதான் புரிந்தது. அந்த ராணிக்குப் பயந்து ஒதுங்கியிருக்கிறது.

அச்சுப் பிழை இல்லை. எந்த வீட்டில் ஏறினாலும் ராணி எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர்கள் சட்டம்.

அதற்கு மேல் என் கை தானாக வேலை செய்தது. அந்தக் காய்களைக் கலைத்தேன். பழைய பேப்பர் வேண்டியிருக்கவில்லை, அந்த ஆட்டம் எனக்கு மனப்பாடம். நாற்பத்து நாலாவது நகர்வுவரை அடுக்கினேன். வெள்ளை ராஜா, மந்திரி, கறுப்பு ராஜா, ராணி வீட்டு வாசலில் கறுப்புச் சிப்பாய். குதிரை வீட்டில் ஏறிய இவருடைய சிப்பாயை எடுத்துவிட்டு அங்கே ராணியை வைத்தேன். வைத்ததுமே கறுப்பு ராஜாவுக்கு செக். வெட்ட முடியாது, மந்திரி காவல். ராஜா ஒதுங்க ஒரே ஒரு கட்டம். ஒதுங்கினால் ராணி இரண்டு கட்டம் கீழே வந்து நின்றால் போதும், ஆட்டம் முடிந்தது. பழைய சாம்பியனுக்கு எதிராக, தேசப் போட்டியில், இரண்டே நகர்வில்.

அவருக்குச் சட்டம் தெரியும். தெரியாமல் போயிருக்க வழியே இல்லை. அந்தச் சிப்பாயை அவ்வளவு தூரம் ஓட்டி வந்ததே ராணி எடுக்கத்தான். மனசு ராணியை நினைத்திருக்கிறது. கை குதிரையை எடுத்திருக்கிறது. எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பழகிய கை. வைத்த காயைத் திரும்ப எடுக்க அங்கே விட மாட்டார்கள். குதிரையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அத்தனை பெரிய மனிதர்கள் சுற்றி நிற்க, ஒருத்தரிடமும் காரணம் சொல்ல முடியாமல் அவர் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பொடி எழுத்தில் இருந்த அந்த இரண்டு வரி என்ன என்று நான் யாரையும் படித்துச் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. நான் தப்பு தேடின ஒவ்வொரு நாளும் அவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவரைப் போல என்னோடு சேர்ந்து தேடினார். யானை வீட்டில் ஏறியிருந்தால் யானை கிடைத்திருக்கும் என்று நான் குதித்தபோது, அந்த மனுஷன் கண் கலங்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே பலகையை அடுப்பில் போட்டுக் கொளுத்தியிருப்பேன். என் குணம் அவருக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. எங்கள் ஆட்டம்தான் அவரைத் தோற்கடித்தது என்று எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, ஆடுவதையே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மெயில் ரயில் போன சத்தம் கேட்டது. அடுப்பு பற்ற வைக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவசரமாக எழுந்து பலகைக்கு முன்னால் நின்றேன். மறைக்கிற அளவுக்கு நான் அகலம் இல்லை.

"கண்டுபுடிச்சுட்டேன் பாவா," என்றேன்.

அவர் முகத்தில் பயம் ஓடியதைப் பார்த்தேன். புருஷன் முகத்தில் அப்படி ஒரு பயத்தைப் பார்க்கவே கூடாது.

"எது?"

"முப்பத்தாறு. வெட்டி யானை வரிசைக்குப் போயிருக்கணும். நான் அப்பயே சொன்னேன், நீங்கதான் கேக்கல."

அது தவறு என்று விரலை நீட்டிக் காட்டியவரே அவர். இப்போது விரலை நீட்டவில்லை, என் தோளுக்குமேல் பலகையை எட்டிப் பார்த்தார். குதிரை வீட்டில் ராணி நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆங்," என்றார் கடைசியில். "அதான் தப்பு. நீ சொன்னதுதான்."

"அப்ப ஆடணும். வாக்கு குடுத்துகினு கீறீங்க."

"ஆடறேன்."

துண்டை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த ராணியை அவரே எடுத்து அதன் வீட்டில் வைத்தார். மற்ற காய்களையும் ஒவ்வொன்றாக அடுக்கினார். நான் அடுப்படிக்குப் போய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். நாட்டு ஆட்டமா, இங்கிலீஷ் ஆட்டமா என்று அவர் கேட்கவில்லை. சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். நானும் ஒரு கட்டம் நகர்த்தினேன்.

அன்றைக்கு அவர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார். அவருடைய சிப்பாய் ஒன்று கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் முன்னால் வந்து நின்றது. தள்ளினால் ஏறிவிடும், தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கையைக் கொண்டுபோனார். விரல் அதன் தலைமேல் நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டு, ராஜாவை எதற்கென்றே இல்லாமல் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினார். அடுத்த நகர்விலும் ராஜாதான். என் சிப்பாய் ஒன்றும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் அதே மாதிரி வந்து நின்றது. அதை நானும் தள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவர் சாகும்வரை நாங்கள் ஆடினோம். அவர் வெளியில் எங்கும் போய் ஆடவில்லை, வீட்டில் ஆடினார். வாக்கைக் காப்பாற்றினார். நானும் பழையபடி வைதேன், அவரும் பழையபடி சிரித்தார். ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஒரு சிப்பாய்கூடக் கடைசி வரிசையில் ஏறவில்லை. அவருடையதும் ஏறவில்லை, என்னுடையதும் ஏறவில்லை. ஒரு கட்டம் பாக்கி இருக்கும்போது, "போதும்மே, சோறு போடு" என்று அவர் சொல்லிவிடுவார். அவர் சொல்லாவிட்டால் நான் எழுந்து இலை போட்டுவிடுவேன்.